சக்கரத்தின் நடுக்கம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலை கொள்ளிடத்தைக் கடந்து, சமயபுரம், பாடாலூர், சிறுவாச்சூர் ஆகிய ஊர்களைத் தொட்டுப் பெரம்பலூரை அடைகிறது. அங்கிருந்து ரஞ்சன்குடிக் கோட்டையை ஒட்டி வடக்கு நோக்கிச் செல்கிறது. பெரம்பலூரிலிருந்து கிழக்கே பிரியும் மற்றொரு சாலை அரியலூர் வழியாகத் தஞ்சாவூருக்குச் செல்கிறது. ஒரு காலத்தில் இச்சாலைகளில் கட்டை வண்டிகளே மிகுதியாக ஓடின. மணிக்கு நான்கு கிலோ மீட்டர் செல்லும் அவ்வண்டியின் சக்கரம் சற்றே கோணலாக இருந்தாலும், ஒரு புறம் கனத்திருந்தாலும், வண்டிக்காரருக்கு அதனால் பெருந்துன்பம் நேரவில்லை. அச்சாணி கழலாமலும், இருப்புப் பட்டை தளராமலும் இருந்தால் போதும்; வண்டி ஊர் சேர்ந்துவிடும்.

இன்று அதே வழியில் மோட்டார் வண்டிகள் மணிக்கு எண்பது, தொண்ணூறு கிலோ மீட்டர் வேகத்தில் விரைகின்றன. வேகம் மிகுந்தபோது சக்கரத்தின் சிறு குறைகளும் பெருங்குறைகளாயின. மெல்ல நடப்பவனுடைய காலில் தைத்த சிறு முள் அவனைச் சிறிதே வருத்தும். அவனே ஓடத் தொடங்கினால் அம்முள் அவனை நிற்கச் செய்துவிடும். சக்கரத்தின் நிலையும் அத்தகையதே. ஊருக்குள் அமைதியாகச் செல்லும் கார், நெடுஞ்சாலையில் ஏறி வேகம் கொண்டவுடன் நடுங்கத் தொடங்குவது பலரும் கண்ட நிகழ்ச்சி. அந்நடுக்கம் எதனால் உண்டாகிறது? அதன் காரணத்தை எவ்வாறு தேடிக் கண்டறிவது? அதனைப் பொருட்படுத்தாமல் விட்டால் என்ன நேரும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பது மோட்டார்த் தொழிலாளர்க்கு மட்டுமேயன்றி, அவ்வண்டிகளில் பயணம் செய்யும் அனைவர்க்கும் பயன் தருவதாகும்.

சுழலும் பொருளின் இயல்பு

ஒரு கயிற்றின் நுனியில் சிறு கல்லைக் கட்டிச் சுழற்றினால் கயிறு கையை இழுப்பதை மாணவர் உணரலாம். மெல்லச் சுழற்றும்போது இழுப்புக் குறைவு. விரைந்து சுழற்றும்போது இழுப்பு மிகுதி. வேகம் இரு மடங்கானால் இழுப்பு இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகம் மும்மடங்கானால் இழுப்பு ஒன்பது மடங்காகும். சுழலும் பொருள்கள் அனைத்துக்கும் இந்த விதி பொது.

காரின் சக்கரம் என்பது இரும்பாலோ அலுமினியக் கலவையாலோ ஆன ரிம்மும், அதன்மேல் பொருத்திய ரப்பர் டயரும் சேர்ந்தது. டயரில் ரப்பர், துணியிழை, எஃகுக் கம்பி ஆகியவை அடுக்கடுக்காக அமைந்துள்ளன. எவ்வளவு திறமையுடன் செய்தாலும் சுற்றளவு முழுவதிலும் எடை அணுவளவும் வேறுபடாமல் அமைவது அரிது. ஓரிடத்தில் சில கிராம் கூடுதலாகவும், மற்றோரிடத்தில் சில கிராம் குறைவாகவும் இருக்கும். கூடுதலான அச்சிறு எடையே கயிற்றில் கட்டிய கல்லைப்போல் சக்கரத்தின் அச்சை வெளிப்புறமாக இழுக்கிறது.

இதனைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு உண்டாகும். சிறிய கார் ஒன்றின் டயர் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் விட்டமுடையது எனக் கொள்வோம். அதன் ரிம்மின் விளிம்பில், மையத்திலிருந்து 18 சென்டிமீட்டர் தொலைவில், 30 கிராம் எடை ஒரு புறமாக மிகுந்திருக்கட்டும். முப்பது கிராம் என்பது ஒரு சிறங்கை அரிசியின் எடைதான். கார் மணிக்கு 45 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும்போது அவ்வெடை அச்சை இழுக்கும் விசை, ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். வேகம் 90 கிலோ மீட்டர் ஆகும்போது அவ்விசை ஏறத்தாழ நான்கு கிலோ எடைக்கு ஒப்பாகிவிடும். அதுவும் ஒரே திசையில் நிலைத்து நிற்பதில்லை. கனத்த இடம் மேலே வரும்போது சக்கரத்தை மேல்நோக்கித் தூக்குகிறது. கீழே வரும்போது சாலையை நோக்கி அழுத்துகிறது. அந்த வேகத்தில் சக்கரம் ஒரு நொடிக்குப் பதின்மூன்று முறை சுழல்கிறது. ஆகவே, நான்கு கிலோ எடையுள்ள சுத்தியல் ஒன்று ஒவ்வொரு நொடியும் பதின்மூன்று முறை அச்சை மேலும் கீழும் அசைப்பது போன்ற நிலை உண்டாகிறது.

ஊஞ்சலும் பாலமும்

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். வேகம் மிக மிக விசை கூடும் என்றால், நடுக்கமும் வேகத்தோடு மிகுந்துகொண்டே செல்ல வேண்டுமல்லவா? ஆயினும், பல வண்டிகளில் நடுக்கம் எண்பதில் தொடங்கி, தொண்ணூறில் மிகுந்து, நூற்றுப்பத்தை நெருங்கும்போது தணிந்துவிடுவது போலத் தோன்றுகிறதே, அஃது ஏன்?

இதற்கு விடை ஊஞ்சலில் உள்ளது. ஊஞ்சலில் அமர்ந்த குழந்தையை அன்னை மெல்லத் தள்ளுகிறாள். ஊஞ்சல் தன் இயல்பான கால அளவில் போய் வருகிறது. அது திரும்பி வரும் தருணத்தில் விரலால் தள்ளினாலும் ஆட்டம் வரவர மிகும். தருணம் தவறித் தள்ளினால், வலிமையுடன் தள்ளினாலும் ஆட்டம் குலைந்துபோகும். அசையும் பொருள் ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஓர் இயல்பான அசைவு எண் உண்டு; வெளியிலிருந்து வரும் தாக்குதல் அவ்வெண்ணோடு ஒத்துவரும்போது சிறு விசையும் பெரிய அசைவை உண்டாக்கும். இதனை ஒத்திசைவு என அறிவியலார் கூறுவர்.

1831ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகருக்கு அருகில், பிராட்டன் என்னுமிடத்தில் இருந்த தொங்கு பாலத்தின்மீது படைவீரர் சிலர் ஒரே அடியாக நடைபோட்டுச் சென்றனர். அவர்தம் காலடியின் எண்ணும் பாலத்தின் இயல்பான அசைவும் ஒத்துவந்தமையால் பாலம் ஆடத் தொடங்கி, முடிவில் அறுந்து வீழ்ந்தது. அதன் பின்னர்ப் பாலங்களைக் கடக்கும்போது படைவீரர் அடி பிரித்து நடக்க வேண்டும் என்னும் வழக்கம் நிலைபெற்றது.

காரில் சக்கரமும், அதனைத் தாங்கும் அச்சும், பிரேக் உறுப்புகளும் ஒரு புறம் டயரின் காற்றாலும், மறுபுறம் வில்லாலும் தாங்கப்பட்டுள்ளன. ஆதலின் அத்தொகுதியும் ஊஞ்சலைப் போன்றதே. அதன் இயல்பான அசைவு பெரும்பாலான கார்களில் நொடிக்குப் பத்து முதல் பதினைந்து வரை அமைந்திருக்கும். தொண்ணூறு கிலோ மீட்டர் வேகத்தில் சக்கரம் பதின்மூன்று முறை சுழல்கிறது என்பதை முன்னர்க் கண்டோம். இரண்டும் ஒத்துவரும் அவ்வேகத்திலேயே நடுக்கம் உச்சத்தை அடைகிறது. அதற்கு மேல் வேகம் மிகும்போது ஒத்திசைவு கலைந்து, கைக்குத் தெரியும் நடுக்கம் குறைகிறது.

குறைவது நடுக்கமே, விசை குறைவதில்லை என்பதை மறத்தலாகாது. நூற்றுப்பத்தில் அச்சின்மேலும் பேரிங்கின்மேலும் விழும் அடி, தொண்ணூறில் விழுந்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வலியது. 'வேகத்தைக் கூட்டினால் நடுக்கம் போய்விடுகிறது' எனக் கருதி மேலும் விரைவோர், வலியை உணராதிருக்க மயக்க மருந்து உண்டு அதனையே நோய் தீர்ந்ததாக எண்ணுவோரை ஒப்பர்.

இவ்வட்டாரத்தின் மண்ணும் சாலையும்

பெரம்பலூர்ப் பகுதியில் கரிசல் நிலம் மிகுதி. பருத்தியும் மக்காச்சோளமும் அங்கு விளைகின்றன. கரிசல் மண் மழைநீரை உண்டு பருக்கும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் அமைந்த சிற்றூர்ச் சாலைகள், அடித்தளம் உறுதியாக இல்லையாயின், காலப்போக்கில் அலை அலையாக மேடு பள்ளம் கொள்ளும். நனைந்த கரிசல் மண்ணின் பிசுபிசுப்பை உழவர் நன்கு அறிவர். வயற்பாதையில் சென்று திரும்பும் காரின் ரிம்மினுள்ளே அம்மண் அப்பிக்கொள்ளும். வெயில் பட்டவுடன் கல்லைப்போல் இறுகிவிடும். ஒரு கைப்பிடி மண் நூறு கிராமுக்கும் மேல் இருக்கும். முப்பது கிராம் செய்யும் தீங்கே அவ்வளவு என்றால், நூறு கிராம் செய்யும் தீங்கினைச் சொல்லவும் வேண்டுமோ?

அரியலூர்ப் பகுதியின் இயல்பு வேறு. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அங்கு நிலத்தடியில் பரவியுள்ளது. அக்கல்லை நம்பிச் சிமெண்டு ஆலைகள் எழுந்தன. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் சுமக்கும் லாரிகளும், ஆலையிலிருந்து சிமெண்டு சுமக்கும் லாரிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. கனத்த சுமை தொடர்ந்து செல்லும் சாலையில் குழிகள் தோன்றுவது இயற்கை. குழியின் விளிம்பில் வேகமாக மோதும் காரின் ரிம் நசுங்கலாம். டயரின் உள்ளிழைகள் அறுந்து பக்கச் சுவரில் புடைப்பு எழலாம். சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டியிருந்த சிறு எடைக் கட்டி தெறித்து விழலாம். இவை மூன்றும் நடுக்கத்துக்குக் காரணங்களே.

ஆகவே, பெரம்பலூரில் நடுங்கும் காரையும் அரியலூரில் நடுங்கும் காரையும் காணும் மெக்கானிக், கார் எந்தச் சாலையில் ஓடியது என்பதை முதலில் வினவுவது அறிவுடைமையாகும். மருத்துவர் நோயாளியின் நாடியைப் பார்ப்பதற்கு முன்னர், 'நேற்று என்ன உண்டாய்?' என வினவுவதும் இதனைப் போன்றதே.

வினாவே முதற் கருவி

உழவர் ஒருவர் தம் காரைப் பெரம்பலூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுவருகிறார் எனக் கொள்வோம். அங்கு மூத்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் உடனே ஸ்பேனரைக் கையில் எடுப்பதில்லை.

"ஐயா, வண்டி மிகவும் நடுங்குகிறது, என்னவென்று பாருங்கள்" என்கிறார் உழவர்.

"எந்த வேகத்தில் நடுங்குகிறது, தம்பி?"

"எழுபது வரை ஒன்றும் இல்லை. எண்பதைத் தாண்டினால் தொடங்குகிறது."

"கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா?"

"ஸ்டியரிங்கைப் பிடித்த கைதான் நடுங்குகிறது, ஐயா."

"பிரேக்கை மிதிக்கும்போது மட்டுமா, மிதிக்காதபோதுமா?"

"மிதிக்காதபோதே நடுங்குகிறது."

"அண்மையில் டயர் மாற்றினீர்களா? குழியில் இறங்கியதா? வயலுக்குப் போய் வந்தீர்களா?"

"மூன்று நாளைக்கு முன் மழையில் வயலுக்குப் போனேன். அதன் பிறகுதான் இப்படி."

இந்நான்கு வினாக்களும் விடைகளும் பாதி வேலையை முடித்துவிட்டன. ஒவ்வொரு வினாவும் பல காரணங்களை விலக்கிச் சில காரணங்களை மட்டும் நிறுத்துகிறது.

முதல் வினா வேகத்தைப் பற்றியது. குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி, அதற்கு மேல் தணியும் நடுக்கம் பெரும்பாலும் சக்கரத்தின் எடைச் சமமின்மையால் வருவது. மிக மெல்லச் செல்லும்போதே சக்கரம் தள்ளாடினால், எடையைக் காட்டிலும் வடிவத்தில் குறை இருத்தல் வேண்டும். டயரில் புடைப்போ, ரிம்மில் கோணலோ இருக்கலாம்.

இரண்டாம் வினா இடத்தைப் பற்றியது. முன் சக்கரங்களின் குறை ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வரும். பின் சக்கரங்களின் குறை தரை வழியாகவும் இருக்கை வழியாகவும் உடலுக்கு வரும். இது பெரும்பாலும் பொருந்தும் விதி.

மூன்றாம் வினா செயலைப் பற்றியது. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், பிரேக் டிஸ்க் ஒரே தடிப்பாக இல்லாமல் தேய்ந்திருக்கக்கூடும். வேகத்தைக் கூட்ட விசையை அழுத்தும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்தவுடன் அடங்கினால், எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் தண்டின் மூட்டுகளை நோக்க வேண்டும். ஜீப், சரக்கு வண்டி போன்று பின் சக்கரங்களால் இயங்குபவற்றில் நீண்ட சுழல் தண்டு ஒன்று அடியில் ஓடுகிறது. அது சக்கரத்தைப்போல் மூன்று, நான்கு மடங்கு வேகமாகச் சுழல்வது. ஆதலின் அதனால் வரும் அதிர்வு ஆட்டமாக இராது; தேனீயின் ரீங்காரம் போன்ற நுண்ணிய அதிர்வாகத் தரையில் உணரப்படும்.

நான்காம் வினா அண்மையில் நேர்ந்த மாறுதலைப் பற்றியது. நேற்று இல்லாத குறை இன்று தோன்றினால், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் நேர்ந்தது யாது எனத் தேடுதல் முறை.

குறை சக்கரத்தில் உள்ளதா, எஞ்சினில் உள்ளதா என்பதில் ஐயம் எழுமாயின் அதனைத் தீர்க்கவும் எளிய வழி உண்டு. நெரிசலற்ற நேரான சாலையில், நடுக்கம் தோன்றும் வேகத்தில் காரை மேல் கியரில் ஓட்ட வேண்டும். பின்னர் அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்ட வேண்டும். இப்போது சக்கரத்தின் சுழற்சி மாறவில்லை. எஞ்சினின் சுழற்சி மட்டும் மிகுந்துள்ளது. நடுக்கம் மாறாதிருந்தால் குறை சக்கரப் பகுதியில் உள்ளது. மாறினால் எஞ்சின் பகுதியில் உள்ளது. ஒன்றை மாற்றி மற்றொன்றை மாற்றாமல் வைத்துப் பார்க்கும் இம்முறையே அறிவியல் ஆய்வுகளுக்கெல்லாம் அடிப்படையாகும்.

எளியதிலிருந்து அரியதற்கு

வினாக்கள் முடிந்த பின்னர் மெக்கானிக் காரைச் சோதிக்கத் தொடங்குகிறார். அவர் பின்பற்றும் வரிசை கவனிக்கத் தக்கது. ஆபத்து மிக்கதையும் செலவற்றதையும் முதலில் பார்க்கிறார். செலவு மிக்கதை இறுதியில் பார்க்கிறார்.

முதலாவது, சக்கர நட்டுகள். அவை தளர்ந்திருந்தால் நடுக்கம் உண்டாகும். ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடவும் கூடும். ஆதலின், நடுக்கம் என்றவுடன் நட்டுகளைச் சோதிப்பது தலையாய கடமை. அவற்றை முடுக்கும்போது அடுத்தடுத்து முடுக்காமல், எதிரெதிராக மாறி மாறி முடுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் சாய்வின்றி அமரும்.

இரண்டாவது, டயர். காற்றின் அளவு சரியாக உள்ளதா, பக்கச் சுவரில் புடைப்பு உள்ளதா, மேற்பரப்பு ஓரிடத்தில் மட்டும் தேய்ந்துள்ளதா எனக் கண்ணாலும் கையாலும் பார்க்க வேண்டும். புடைப்புக் கொண்ட டயரைச் செப்பனிட இயலாது, மாற்றுவதே வழி. டயரின் பள்ளங்களுக்கு இடையே சிறு மேடுகள் வைக்கப்பட்டுள்ளன. மேற்பரப்புத் தேய்ந்து அவற்றோடு சமமானால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லி மீட்டராகக் குறைந்துவிட்டது என்பது பொருள். அந்த டயரின் காலம் முடிந்தது. பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் முதல் இரண்டும் வாரத்தையும், பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். '2319' என இருந்தால், 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் அது செய்யப்பட்டது என அறியலாம். பல வாரங்கள் ஓரிடத்திலேயே நின்ற காரின் டயர், தரையில் பதிந்த பகுதியில் தட்டையாகிவிடும். அதனால் வரும் நடுக்கம் சிறிது தூரம் ஓடி டயர் சூடேறியதும் பெரும்பாலும் நீங்கிவிடும்.

மூன்றாவது, ரிம்மின் உட்புறம். நம் உழவருடைய காரில் மெக்கானிக் கண்டது இதுவே. முன் சக்கரங்கள் இரண்டின் உட்புறத்திலும் கரிசல் மண் தடித்து இறுகியிருந்தது. நீரை வேகமாகப் பாய்ச்சிக் கழுவியதும் அம்மண் கரைந்து வீழ்ந்தது. நடுக்கமும் அதனோடு பெரும்பகுதி நீங்கியது.

பெரும்பகுதி நீங்கியதேயன்றி முழுவதும் நீங்கவில்லை. எஞ்சியதைக் கண்டறியச் சக்கரத்தைச் சமன் செய்யும் எந்திரம் தேவைப்பட்டது. சக்கரத்தைக் கழற்றி அவ்வெந்திரத்தின் தண்டில் மாட்டிச் சுழற்றினால், எவ்விடத்தில் எத்தனை கிராம் குறைகிறது என்பதை எந்திரம் காட்டும். அவ்விடத்தில் சிறு எடைக் கட்டியை ரிம்மின் விளிம்பில் பொருத்துவர். சக்கரத்தின் உட்புறம், வெளிப்புறம் ஆகிய இரண்டு பக்கங்களையும் தனித்தனியே சமன் செய்தல் வேண்டும். ஏனெனில், இரு பக்கங்களிலும் எதிரெதிரான இடங்களில் எடை மிகுந்திருந்தால், நிற்கும்போது சக்கரம் சமமாகத் தோன்றும். சுழலும்போது மட்டும் பக்கவாட்டில் ஆடும்.

இவ்வுண்மையின் முதற்பகுதியை மாணவர் தம் வீட்டிலேயே கண்டறியலாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முன் சக்கரத்தை மெல்லச் சுழற்றிவிட வேண்டும். அது நிற்கும்போது பெரும்பாலும் ஒரே இடம் கீழே வந்து நிற்கக் காணலாம். கனம் மிகுந்த இடம் அதுவே. அதற்கு நேர் எதிரே ஒரு துண்டுக் கம்பியைக் கட்டிவிட்டால், சக்கரம் எவ்விடத்திலும் நிற்கும். பட்டறை எந்திரம் செய்யும் வேலையின் தொடக்கம் இதுதான்.

எடை சமமான பின்னரும் நடுக்கம் நீடிக்குமாயின், வடிவத்தை ஆராய வேண்டும். சக்கரத்தைச் சுழலவிட்டு, அசையாத ஒரு குச்சியை விளிம்பின் அருகே பிடித்தால், ரிம் கோணலாக இருப்பது கண்ணுக்குப் புலப்படும். அழகுக்காக வேறு ரிம் பொருத்திய கார்களில், அதன் நடுத்துளை அச்சின் அளவுக்குப் பொருந்தாமல் பெரிதாக இருப்பதும் உண்டு. அப்போது சக்கரம் மையம் விலகிச் சுழலும். இறுதியாக, காரை ஜாக்கியால் உயர்த்தி உறுதியான தாங்கியின்மேல் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்துப் பார்க்க வேண்டும். பேரிங், பால் ஜாயிண்ட், ஸ்டியரிங் மூட்டு ஆகியவற்றுள் எதில் தளர்ச்சி உள்ளதோ அஃது அசைவில் வெளிப்படும். தளர்ந்த மூட்டுகள் தாமே நடுக்கத்தைத் தோற்றுவிப்பது குறைவு. வேறொன்றால் தோன்றிய சிறு நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதே மிகுதி.

பலர் செய்யும் பிழைகள்

முதற்பிழை, சமன் செய்தலையும் நேர் செய்தலையும் ஒன்றெனக் கருதுவது. சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது நேர் செய்தல். அதனை வீல் அலைன்மெண்ட் என்பர். கோணம் பிழைத்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். டயர் ஒரு பக்கம் தேயும். நடுக்கத்துக்கு அது நேரான காரணம் அன்று. நடுங்கும் காருக்கு அலைன்மெண்ட் மட்டும் செய்துவிட்டு, 'பணம் செலவாயிற்று, குறை தீரவில்லை' என வருந்துவோர் பலர்.

இரண்டாம் பிழை, ஒரே நாளில் பலவற்றையும் மாற்றிவிடுவது. டயர், பேரிங், மூட்டு அனைத்தையும் ஒருங்கே மாற்றினால் நடுக்கம் நீங்கலாம். ஆயினும் எதனால் நீங்கியது என்பது விளங்காது. விளங்காத குறை மீண்டும் வரும்போது, மீண்டும் அனைத்தையும் மாற்ற வேண்டியதுதான். ஐயம் உள்ள முன் சக்கரத்தைப் பின்னுக்கும், பின் சக்கரத்தை முன்னுக்கும் மாற்றிப் பார்ப்பது செலவற்ற சோதனை. நடுக்கம் கையிலிருந்து இருக்கைக்கு இடம் மாறினால், குறை அந்தச் சக்கரத்தோடு சென்றது என்பது உறுதி.

மூன்றாம் பிழையே கொடியது. அது நடுக்கத்துக்குப் பழகிப்போவது. முதல் நாள் கையை உறுத்திய நடுக்கம், பத்தாம் நாள் உறுத்துவதில்லை. உணர்வு மழுங்கியதேயன்றிக் குறை மழுங்கவில்லை. உள்ளே அறுந்துவரும் டயர் ஒரு நாள் வெடிக்கும். தளர்ந்த நட்டு ஒரு நாள் கழலும். அந்நாளில் துன்புறுவோர் காரில் இருப்போர் மட்டுமல்லர். நெடுஞ்சாலையின் ஓரத்தில் நடப்போரும், இரு சக்கர வண்டியில் செல்வோரும், சாலையைக் கடக்கும் பள்ளிச் சிறுவரும் அத்துன்பத்துக்கு ஆளாவர்.

நடுக்கம் ஓர் எச்சரிக்கை

1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள் விடியற்காலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் சிதைந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு ரயில் அங்கு ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்காலத்தில் ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, அதற்குத் தாம் பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்தார். இருளில் உறங்கிக்கொண்டிருந்த பயணிகளுக்கு எந்த எச்சரிக்கையும் கிட்டவில்லை என்பதே அந்நிகழ்ச்சியின் பெருந்துயரம்.

அவ்வகையில் நோக்கினால், நடுங்கும் சக்கரம் மனிதனுக்கு நன்மையே செய்கிறது. அது முன்னதாகவே சொல்லிவிடுகிறது. அதன் சொல்லைக் கேட்பதும் கேளாது விடுவதும் ஓட்டுபவரின் பொறுப்பு. எவரும் தம்மைக் காணாத இடத்தில் ஒரு நட்டைச் சரியாக முடுக்கும் மெக்கானிக்கும், கையில் தோன்றிய சிறு நடுக்கத்தை மதித்துக் காரை ஓரமாக நிறுத்தும் ஓட்டுநரும், தமக்கு அறிமுகமில்லாத எத்தனையோ பேருடைய உயிரைக் காக்கின்றனர்.

பெரம்பலூர் மாவட்டத்தில் நாரணமங்கலம் என்னும் ஊரில், எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் டயர்த் தொழிற்சாலை உள்ளது. 1946ஆம் ஆண்டு சென்னைத் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய நிறுவனம் அது. கட்டை வண்டியின் மரச் சக்கரம் உருண்ட மண்ணிலேயே இன்று காற்றடைத்த டயர்கள் உருவாகின்றன. சக்கரம் மாறியது, அதன் வேகம் மாறியது. எனினும், சக்கரத்தை அறிந்து பேணும் கடமை மாறவில்லை. பயணம் புறப்படுமுன் அச்சாணியைத் தொட்டுப் பார்த்த பழைய வண்டிக்காரரின் கவனம், நெடுஞ்சாலையில் விரையும் இன்றைய ஓட்டுநருக்கு முன்னிலும் பன்மடங்கு வேண்டப்படுகிறது.